பழகிய தண்ணீர்

ஐஸ் பெட்டியை வாசற்படியில் எப்படித் திருப்புவது என்று நான்கு பேர் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தபோதே, சந்திரம்மாள் உள்ளே நின்று கூடத்தைக் கண்ணால் அளந்துவிட்டாள். தலை தெற்கே இருக்க வேண்டும். தெற்குச் சுவரை ஒட்டி மீன் தொட்டி இருந்தது.

“அந்தக் கண்ணாடிப் பொட்டிய மொதல்ல எடுங்கடா” என்றாள்.

எடுப்பதாவது! இரண்டரை அடித் தொட்டிதான், ஆனால் உள்ளே நூறு லிட்டர் தண்ணீர், அடியில் இரண்டு விரல் கனத்துக்கு மணல், அதில் வேர் விட்ட செடிகள். ராஜசேகரின் சித்தப்பா மகன் வெங்கடேசன் ஒரு மூலையைப் பிடித்து அசைத்துப் பார்த்தான். தண்ணீர் தளும்பி அவன் சட்டையில் ஊற்றியது. கையை எடுத்துக்கொண்டு ராஜசேகரைப் பார்த்தான். மற்றவர்களும் பார்த்தார்கள். வீட்டுக்காரன் அவன்தான், செத்துப்போனது அவன் பெண்டாட்டி. ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ராஜசேகர் தொண்டையைச் செருமிக்கொண்டான், அவ்வளவுதான். அக்கா பேசுகிற இடத்தில் வாயைத் திறக்காமல் இருப்பது ஐம்பத்தோரு வயதிலும் அவனை விட்டுப் போகாத பழக்கம்.

கடைசியில் ஐஸ் பெட்டிக்காரர்தான், தொட்டிக்கு முன்னால் ஒரு முழம் விட்டு வைத்தால் தலை தெற்கேதான் இருக்கும், தொட்டி அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று வழி சொன்னார். சொல்லிவிட்டு, சுவரில் இருந்த ஒரே ப்ளக்கைப் பிடுங்கிப் போட்டுத் தன்னுடையதைச் செருகினார். பெட்டி உறுமத் தொடங்கியது. கலைமதியை அதற்குள் வைத்தார்கள். அப்போது காலை ஏழே முக்கால்.

புதன்கிழமை மத்தியானம் கடையில் மீன்களுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தவள் ஸ்டூலிலிருந்து அப்படியே சரிந்தாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். இரண்டு நாள் கண் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை விடியற்காலை நாலரைக்குப் போய்விட்டாள். நாற்பத்தாறு வயது. ஒரு தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு படுத்த நாள்கூட அவளுக்குக் கிடையாது.

பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி ஊர் பேசி ஓய்ந்து வெகு காலம் ஆகிறது. மீன்களைப் பிள்ளைகளாக வளர்க்கிறாள் என்று யாராவது உருகிப் பேசினால் கலைமதிக்குப் பிடிக்காது. மீன் மீன்தான், அதற்கு வேண்டியதைச் சரியாகச் செய்தால் போதும், மடியில் வைத்துக் கொஞ்ச முடியாது என்பாள்.

அவள் கடை வைத்த கதையைச் சொல்ல வேண்டும். கல்யாணமாகி வந்த புதிதில் அவள் போன் கம்பெனியில் வேலை பார்த்தாள். லைனின் கடைசியில் உட்கார்ந்து, வருகிற போனையெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்து மயிரிழைக் கீறல் இருந்தாலும் ஒதுக்கி வைக்கிற வேலை. ஒரு நாள் அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். அவளோடு இருந்த பெண்கள் அழுதுகொண்டே வேறு வேறு ஊர்களுக்குப் போனார்கள். கலைமதி கொளத்தூருக்குப் போனாள். அங்கே வண்ண மீன் வளர்க்கிறவர்களிடம் மூன்று மாதம் கூடவே இருந்து கற்றுக்கொண்டு வந்து, ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் பத்துக்குப் பத்து அறையில் கடை போட்டாள்.

சந்திரம்மாளுக்கு அது பொறுக்கவில்லை. ஒரு கல்யாணப் பந்தியில், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் நடுவில் சொன்னாள். “நம்ம வூட்டு மருமவ மீன்காரி ஆயிட்டா. கறி மீன் வித்தாலும் நாலு பேர் வவுறு நெறையும். இவ பாக்குற மீன் விக்கிறா.” பந்தியே சிரித்தது. கலைமதி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜசேகர் எழுந்து கை கழுவப் போய்விட்டான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவள் சண்டை போடவில்லை. பாயை விரித்துக்கொண்டே ஒன்று சொன்னாள். “நீங்க பேசலன்னு எனக்குக் கோவம் இல்ல. பேசியிருந்தா நல்லா இருந்திருக்கும்.” அதற்கு மேல் பத்து வருஷத்தில் அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. எடுத்திருந்தாலாவது அவன் தப்பித்திருப்பான்.

அவனையும் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. மூன்று வயதில் அம்மா போய்விட்டாள். பன்னிரண்டு வயது சந்திரம்மாள் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். அழுகிற பிள்ளையோடு வகுப்பில் உட்காராதே என்று வாத்தியார் சொன்னதும், அவனை இறக்கிவிடாமல் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாள். அப்படிப்பட்டவளை எதிர்த்துப் பேச அவனுக்கு நா எழாது. அது கலைமதிக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அதட்டிக் கேட்கவில்லை.

ஒன்பது மணிக்கு செல்லக்கனி வந்தாள். திருச்செந்தூர்ப் பக்கத்துப் பெண். ஒரகடத்தில் நைட் ஷிப்ட் முடித்து, ராஜசேகர் வழக்கமாக ஓட்டுகிற கம்பெனி பஸ்ஸிலேயே வந்து, யூனிபார்ம் மாற்றாமல், கழுத்தில் அடையாள அட்டை தொங்க உள்ளே நுழைந்தாள். ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்து அழுதாள். அழுதுகொண்டே நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள். பிறகு பந்தலில் உட்கார்ந்திருந்த ராஜசேகரிடம் வந்து குனிந்தாள்.

“அண்ணாச்சி, மோட்டார் ஓடல. மீனுவ எல்லாம் மேல வந்து வாயத் தொறந்துட்டு கெடக்கு.”

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. பக்கத்து வீட்டிலிருந்து ஜங்ஷன் பாக்ஸ் ஒன்று வாங்கிவந்து ஐஸ் பெட்டியையும் தொட்டியின் மோட்டாரையும் சேர்த்துச் செருகினான். சாவு வீட்டில் இது என்ன வேலை என்று யாரோ முணுமுணுத்தார்கள். குமிழிகள் மேலே வரத் தொடங்கின. கொஞ்ச நேரத்தில் மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கித் தங்கள் தங்கள் இடத்துக்குப் போயின. செல்லக்கனி சுவரில் சாய்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தச் செல்லக்கனி முதல் தடவை கடைக்கு வந்தபோது பெரிய சண்டை. சுங்குவார்சத்திரத்தில் நான்கு பெண்களோடு ஒரு அறையில் இருந்தாள். அறைக்குச் சின்னதாக ஒரு தொட்டி வேண்டும். அதில் ஒரு ஃபைட்டர், இரண்டு கப்பி, ஒரு ஏஞ்சல், ஒரு கோல்டு ஃபிஷ். ஆளுக்கொன்று பிடித்ததாம். கலைமதி கொடுக்க மாட்டேன் என்றுவிட்டாள். ஃபைட்டர் கப்பியின் வாலைக் கடிக்கும். ஏஞ்சல் வளர்ந்தால் வாய்க்குள் போகிற எதையும் விடாது. கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர்க்காரன், போதாக்குறைக்கு ஒரே நாளில் தொட்டியை நாறடித்துவிடும். இதையெல்லாம் விரல் மடக்கிச் சொல்லிவிட்டு, ஒரு காலித் தொட்டியையும் மோட்டாரையும் கையில் கொடுத்தாள். வெறும் தண்ணீரை நிரப்பி ஓட விட்டு, தினமும் ஒரு துளி தீனி மட்டும் போட்டுவிட்டு, மூன்று வாரம் கழித்து வா என்றாள்.

“வெறுந் தண்ணிய பாத்துட்டு இருக்கதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தேன்? எங்க ஊர்ல குளத்தையே பாத்துட்டு இருந்திருப்பம்லா” என்று செல்லக்கனி கத்தினாள்.

“குளத்துத் தண்ணி பழகின தண்ணிம்மா. இது புதுசு. தண்ணி பழகாம மீன வுட்டா ஒரு வாரத்துல சாவும். நீ அழுவ. அப்புறம் எங்கிட்டயே வந்து வேற மீன் கேப்ப. எனக்கு வியாபாரம்தான், ஆனா வாணாம்” என்றாள் கலைமதி.

மீன் போடுகிற கழிவைத் தின்று தண்ணீரைச் சரியாக வைத்திருக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் மணலிலும் மோட்டார் பஞ்சிலும் குடியேற அத்தனை நாள் ஆகும். அதற்குக் குறுக்கு வழி கிடையாது. மூன்று வாரம் கழித்து, முறைத்துக்கொண்டே வந்த செல்லக்கனிக்கு ஐந்து ஆண் கப்பிகளைக் கொடுத்தாள். பெண்ணைச் சேர்த்துக் கொடுத்தால் இரண்டு மாதத்தில் ஐம்பதாகிவிடும், இருபது லிட்டரில் அத்தனை பேர் எங்கே போவார்கள் என்றாள். அன்று முதல் செல்லக்கனி ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வீட்டில்தான் சாப்பிட்டாள்.

ராஜசேகர் ட்ரிப்புக்கும் ட்ரிப்புக்கும் நடுவே கடையில் போய் உட்காருவான். பெண்டாட்டி வியாபாரம் செய்வதைப் பார்க்க அவனுக்கு அலுக்கவே அலுக்காது. வருகிறவர்களிடம் அவள் முதலில் விலை சொல்ல மாட்டாள். “டேங்க் எத்தினி லிட்டரு? உள்ள ஏற்கெனவே யார் யார் கீறாங்க?” என்றுதான் கேட்பாள். தொட்டியை மூன்று லைனாகப் பிரித்துவைத்திருந்தாள். மேல் லைனில் நீந்துகிறவர்கள், நடு லைன், தரையோடு போகிற கீழ் லைன். மூன்று லைனிலும் அளவாக ஆள் போட்டால் ஒருத்தர் வழியில் ஒருத்தர் வர மாட்டார்கள். ஒரே லைனில் எல்லாரையும் நிறுத்தினால் அடித்துக்கொள்ளத்தான் செய்வார்கள், கம்பெனியில் பார்த்ததில்லையா என்பாள். கூட்டமாக வாழ்கிற மீனை ஆறுக்குக் குறைத்து விற்க மாட்டாள். மற்ற கடைகளில் டேங்க் கிளீனர் என்று ஒரு மீனைத் தள்ளிவிடுவார்கள். அது ஒன்றரை அடி வளரும் என்று சொல்லி அவள் கடைக்குள்ளேயே விடவில்லை. நீலமும் சிவப்புமாக மின்னுகிற டெட்ரா கேட்டு வருகிறவர்களிடம், அது மழைத் தண்ணீர் மாதிரி மெல்லிய தண்ணீரில் வாழ்கிறது, நம் ஊர் போர் தண்ணீருக்கு வந்தால் ஒரு வாரம் அழகாக இருந்துவிட்டுச் செத்துப்போகும், மோலியும் ப்ளாட்டியும் வாங்கிக்கொண்டு போ என்று அனுப்புவாள். விற்றதைவிட விற்க மாட்டேன் என்றதுதான் அதிகம். ஆனாலும் கடை ஓடியது. அவளிடம் வாங்கின மீன் சாகாது என்று ஒரகடம் வரைக்கும் பேர்.

ஒரு தடவை, ராஜசேகர் பஸ் ஓட்டுகிற கம்பெனியிலிருந்தே ஆர்டர் வந்தது. ரிசப்ஷனில் தொட்டி வைக்க வேண்டும், எல்லாக் கலரிலும் ஒன்றொன்று போடுங்கள் என்று ஒரு அதிகாரி சொல்லி அனுப்பியிருந்தார். கலைமதி நேரில் போய், ஒன்றொன்றாகப் போட்டால் எல்லாம் பயந்து மூலையில் ஒண்டிக்கொள்ளும், மூன்று வகை போதும் என்றாள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். ராஜசேகருக்கு டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் நல்ல டோஸ் விழுந்தது. வெளியே வந்து பஸ்ஸில் தனியாக உட்கார்ந்து சிரித்தான். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தால் என்ன, முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தன்னால் சொந்த அக்காவிடம் சொல்ல முடியவில்லையே என்று அப்போது தோன்றியது. தோன்றியதோடு சரி.

கூடத்துத் தொட்டிதான் அவளுடைய சாட்சி. வாடிக்கையாளர் நம்பவில்லையென்றால் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்து காட்டுவாள். மேலே கப்பிகள், நடுவில் ப்ளாட்டிகள், தரையில் மீசை வைத்த ஆறு கோரிகள். பதினோரு வருஷத்தில் மீன்கள் பிறந்தன, வயதாகிச் செத்தன; ஒன்று இன்னொன்றைக் கடித்தது கிடையாது. தண்ணீரை ஒரு நாளும் முழுதாக மாற்றியதும் கிடையாது.

பதினோரு மணி வாக்கில் சந்திரம்மாள் பெண்களைக் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுத்தாள். இந்தப் பக்கத்தில் அது வழக்கம். சாவு விழுந்த வீட்டில் இருக்கிற தண்ணீரெல்லாம் தீட்டு. ஆண்கள் சுடுகாட்டுக்குக் கிளம்பிய கையோடு பெண்கள் எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்த்து, வீட்டைக் கழுவிவிட வேண்டும்.

“பொணம் வாசலத் தாண்டினதும் வூட்ல ஒரு சொட்டு பழைய தண்ணி இருக்கக் கூடாது. கொடம், அண்டா, ட்ரம்மு, அதோ அந்தக் கண்ணாடிப் பொட்டி, எல்லாத்தையும் கவுத்துடுங்க. பொட்டிய பினாயில் போட்டுக் கழுவி வையுங்க. மீன ஏரில வுட்டுடலாம், அதுங்க பாட்டுக்குப் பொழச்சிக்கட்டும்.”

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஏரியில் விடுவது அந்த மீன்களுக்குச் செய்கிற நல்லது என்றே நினைத்தாள். அவர்கள் ஊரான பென்னலூரின் ஏரியில் விரால் இருக்கிறது. இந்தக் கப்பிகள் அதற்குப் பத்து நிமிஷத் தீனி.

பந்தலில் இருந்த ராஜசேகர் காதில் எல்லாம் விழுந்தது. செல்லக்கனி மறுபடி வந்து குனிந்தாள். தண்ணீரைக் கொட்டினால் அம்புட்டும் போய்விடும் என்றாள். பிடித்துக் கடையில் கொண்டுபோய் விடலாமா என்று அவன் கேட்டான். கடைத் தொட்டிகள் எல்லாவற்றிலும் ஏற்கெனவே அளவுக்கு மீன் இருக்கிறது, அங்கே இவற்றுக்கு இடமில்லை என்றாள் அவள். ஏழெட்டுப் பக்கெட்டில் இந்தத் தண்ணீரோடு எடுத்துப்போனாலும் அந்த மணலும் பஞ்சும் கழுவுப்பட்டுவிட்டால் திரும்பி வர வீடு இருக்காது என்றாள். “நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க அண்ணாச்சி. நான் சொன்னா யாரு கேப்பாவ?”

சொல்கிறேன் என்றான். சொல்ல வேண்டும் என்று எழுந்து உள்ளேயும் போனான். சந்திரம்மாள் கலைமதியின் தலைமாட்டில் உட்கார்ந்து, பெட்டியின் கண்ணாடியைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. பொய் அழுகை இல்லை. தம்பியைப் பார்த்ததும் அவன் கையைப் பிடித்து, காலையிலிருந்து ஒரு காபிகூடக் குடிக்கவில்லையேடா என்றாள். ராஜசேகர் திரும்பிப் பந்தலுக்கே வந்துவிட்டான். என்ன மனுஷனோ.

அரக்கோணத்திலிருந்து கலைமதியின் அண்ணன் கோடிப் புடவையோடு வந்தார். குளிப்பாட்டினார்கள். மஞ்சள் பூசினார்கள். வாய்க்கரிசி போட்டார்கள். மூன்று மணிக்குப் பாடையைத் தூக்கினார்கள். பிள்ளை இல்லாததால் கொள்ளிச்சட்டி ராஜசேகர் கையில். அதைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு அவன் முன்னால் நடந்தான். முதுகுக்குப் பின்னால் வீட்டில் முதல் குடம் கவிழ்கிற சத்தம் கேட்டது.

பெரிய சாலையைக் கடந்துதான் ஏரிக்கரைச் சுடுகாட்டுக்குப் போக வேண்டும். ஷிப்ட் மாறுகிற நேரம். இரண்டு பக்கமும் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நின்றன. முன்னால் போகிறது யார் என்று டிரைவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. ஜன்னல்களில் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். “மீன் அக்கா” என்று ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது அவனுக்குக் கேட்டது. ஒரு பஸ்ஸிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். அதைப் பார்த்து இன்னும் ஆறேழு பேர். அவர்கள் ஷிப்டுக்கு லேட்டாகப் போனால் அரை நாள் போய்விடும். இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, பாடைக்குப் பின்னால் கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

யாரென்றே தெரியாத பெண்கள் அவளுக்காக அரை நாள் கூலியை விடுகிறார்கள். அவனோ ஒரு வார்த்தையை விட முடியாமல் போய்க்கொண்டிருந்தான்.

சாலை தாண்டியதும் பாதி வழிக் கல். அங்கே பாடையை இறக்கித் திசை மாற்றித் தூக்குவார்கள். இறக்கினார்கள். ராஜசேகர் வெங்கடேசனிடம் போய்க் கொள்ளிச்சட்டியை நீட்டினான்.

“இத்தப் புடி. பத்து நிமிஷத்துல வரேன்.”

“எங்க போற?”

“வூட்டுக்கு.”

கொள்ளி வைக்கிறவன் பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பியதைப் பென்னலூர் அதுவரை பார்த்ததில்லை. பெரியவர் ஒருவர் கையைப் பிடித்து இழுத்தார். துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்றார் இன்னொருவர். அவன் கையை உதறிக்கொண்டு நடந்தான். பிறகு ஓடினான். மேலே ஈரத் துண்டு, இடுப்பில் ஈர வேட்டி, காலில் ஒன்றுமில்லை. நின்றிருந்த பஸ்களுக்கு நடுவே புகுந்து ஓடினான்.

வாசலில் குடங்களும் அண்டாவும் ட்ரம்மும் கவிழ்ந்து கிடந்தன. கூடத்தில் கணுக்கால் நனையத் தண்ணீர். தொட்டியின் முன்னால் இரண்டு பெண்கள் பக்கெட்டோடு நின்றார்கள். அவர்களுக்கு எதிரே செல்லக்கனி, கண்ணாடியில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தாள். புடவையைத் தூக்கிச் செருகியிருந்த சந்திரம்மாள் அவளைத் தள்ளிப் போகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தம்பியைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

“இன்னாடா இது? கொள்ளி வைக்கிறவன் திரும்பி வரலாமா?”

“வந்துட்டேன்க்கா.” மூச்சு வாங்கியது. “அந்தத் தண்ணி மேல கை வைக்காத. அது அவ பதினோரு வருஷமா செஞ்சு வச்சது. கொட்டினா அதுங்க அத்தினியும் செத்துடும்.”

“தீட்டுடா.”

“இருந்துட்டுப் போவட்டும். அவ உயிரோட இருக்கச் சொல்ல நீ பேசின பேச்சுக்கெல்லாம் நான் வாய மூடிக்கினு இருந்தேன். ஒரு வாட்டி கூட அவளுக்காக உங்கிட்ட நான் பேசல. இன்னிக்கும் பேசலன்னா நான் மனுஷனே இல்லக்கா.”

பக்கெட்டோடு நின்ற பெண்கள் தரையைப் பார்த்தார்கள். பதில் வருவதற்காக அவன் நிற்கவில்லை. நின்றிருந்தால் அக்காவின் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுத் தொலைத்திருப்பான், அது அவனுக்கே தெரியும். வந்த வழியே ஓடினான்.

பாடை அங்கேயே இருந்தது. வெங்கடேசன் சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். தூக்கினார்கள்.

சுடுகாட்டில் மூன்று சுற்று சுற்றி, பானையை உடைத்து, திரும்பிப் பார்க்காமல் கொள்ளி வைத்தான். அதற்கு முன் கடைசியாக முகத்தைப் பார்த்தபோது அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. பேசிட்டேன், கலை. லேட்டாத்தான். இதை மனதுக்குள்தான் சொன்னான். சுற்றி ஆட்கள் இருந்தார்கள்.

ஏரியில் முழுகிவிட்டு வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. உள்ளே என்ன பார்க்கப் போகிறோம் என்று வழியெல்லாம் பயந்துகொண்டே வந்தான். அக்கா ஒன்று நினைத்துவிட்டால் நினைத்ததுதான். அவன் பேச்சு அவளுக்கு இன்னும் கோபத்தை மூட்டியிருக்கலாம். வாசற்படியில் கால் கழுவத் தண்ணீர் ஊற்றியது செல்லக்கனி. அவள் முகத்திலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை. முப்பது மணி நேரமாகத் தூங்காத முகம்.

கூடம் கழுவிக் காய்ந்திருந்தது. கலைமதி இருந்த இடத்தில் ஒரு விளக்கு எரிந்தது. அதற்குப் பின்னால் தொட்டி இருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மேலே கப்பிகள், நடுவில் ப்ளாட்டிகள், மணலைக் கிளறிக்கொண்டு கோரிகள். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் சந்திரம்மாள் உட்கார்ந்திருந்தாள். சொந்தக்காரப் பெண்கள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. மத்தியானத்திலிருந்து அவள் அந்த நாற்காலியை விட்டு எழவில்லை என்று பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது.

தம்பியைப் பார்க்காமல் தொட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“ஒரு சொம்பு மொண்டு வாசல்ல ஊத்தினேன். தீட்டுக்கு அது போதும்.”

அவன் விளக்கின் முன் விழுந்து கும்பிட்டுவிட்டு எழுந்தான். ஞாயிற்றுக்கிழமை தோறும் கலைமதி இதே தொட்டியிலிருந்து ஐந்தாறு சொம்பு எடுத்துச் செடிக்கு ஊற்றுவாள். எடுத்த அளவுக்கு, முந்தின நாளே பிடித்து வைத்த தண்ணீரை மெல்ல ஊற்றி நிரப்புவாள். அப்போதுதான் பிடித்த தண்ணீரை ஊற்ற விட மாட்டாள். ஒரு ராத்திரியாவது அது சும்மா இருக்க வேண்டும். வீட்டில் இப்போது அப்படி இருந்த தண்ணீர் ஒரு சொட்டும் இல்லை.

பின்பக்கம் போய், கவிழ்த்திருந்த பக்கெட் ஒன்றை எடுத்து நிமிர்த்தி, குழாயடியில் வைத்துப் பிடித்தான். கூடத்துக்குக் கொண்டுவந்து தொட்டியின் ஓரமாக வைத்தான்.

“இன்னாத்துக்குடா? குளிக்கத்தான் குளிச்சிட்டியே.”

“தொட்டிக்குக்கா. ராவெல்லாம் இருந்து காலைல ஊத்தணும்.”

சந்திரம்மாள் பக்கெட்டைப் பார்த்தாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து அடுக்களைக்குப் போனாள். பல்லி கில்லி வுழுந்துடப் போவுது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு ஒரு தட்டை எடுத்து வந்து அதன் மேல் மூடினாள்.